கேளாமல் விட்ட இரும்பு

இன்று நம் கையில் புழங்கும் ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும். ஆற்றுப் பாலங்களில் நின்று, கயிற்று நுனியில் காந்தத்தைக் கட்டித் தண்ணீருக்குள் வீசி, வேண்டிக்கொண்டு எறிந்த காசுகளை இழுத்தெடுக்கும் பையன்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1980களின் இறுதியிலிருந்து நம் நாணயச்சாலைகள் ஒவ்வொரு காசாகத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறின. அதிலும் காந்தத்தில் ஒட்டும் ஃபெரிட்டிக் வகை எஃகு. அதற்கு முன்னால் புழங்கிய அலுமினியப் பைசாக்களும் செம்பு-நிக்கல் காசுகளும் எந்தக் காந்தத்துக்கும் மசியாதவை.

மெட்டல் டிடெக்டர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் முதலில் அறிய வேண்டிய சேதி இது. பெட்டியோடு வரும் கையேட்டில் இது இருப்பதில்லை. கருவியின் திரையில் நாணயத்துக்கென்று ஒரு முறையும் நகைக்கென்று ஒரு முறையும் வைத்திருப்பார்கள். அமெரிக்கப் பூங்காக்களையும் இங்கிலாந்தின் உழுத வயல்களையும் மனத்தில் கொண்டு அமைத்த முறைகள் அவை. அங்கே தேடப்படும் காசு பெரும்பாலும் செம்பு, வெள்ளி, நிக்கல் கலப்பு. இரும்பு என்றால் ஆணி. எனவே நாணய முறையை அழுத்தியதுமே கருவி இரும்பின் குரலை அடைத்துவிடுகிறது. அதே முறையில் நம் ஒரு ரூபாயைத் தரையில் போட்டு, கருவியின் நுனித் தட்டான காயிலை அதன் மேலாக வீசிப் பாருங்கள். சில கருவிகள் வாயே திறப்பதில்லை. சில, ஒரு வீச்சில் ஆணி என்றும் மறு வீச்சில் வெள்ளி என்றும் எண்ணை மாற்றி மாற்றிக் காட்டும். பத்து ரூபாய் நாணயம் இன்னும் குழப்பும். அதன் வெளிவளையம் ஓர் உலோகக் கலவை, நடுவட்டம் இன்னொன்று.

கருவியில் நாம் திருகுகிற ஒவ்வொரு குமிழும், எதைக் கேட்காமல் விடலாம் என்ற முடிவுதான். கேட்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு துல்லியம், தங்கத்தைத் தனியாகக் காட்டுமா என்று கடைக்காரரிடம் கேட்கிறார்கள். கேளாமல் விடுவதன் கணக்கை யாரும் கேட்பதில்லை. தென்னேரி போன்ற ஓர் ஊரின் மண்ணுக்கு அந்தக் கணக்குத்தான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று தென்னேரி. ஊருக்கும் ஏரிக்கும் ஒரே பெயர். திரையனேரி என்பது பழைய பெயர். பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான தொண்டைமான் இளந்திரையனோடு இதைச் சேர்த்துச் சொல்வது மரபு. ஏரி வெட்டிய மன்னன் யார் என்ற விவாதம் எப்படிப் போனாலும், கரையும் மதகும் கலங்கலும் பாசன வயலுமாக மனிதக் கை படாத ஒரு சாண் மண்ணும் இந்த நிலப்பரப்பில் இல்லை. கோடையில் நீர் பின்வாங்கியதும் வெடிக்கும் களிமண், கரையோரத்துச் செம்மண் சரளை, வயலின் வண்டல் என்று நூறு அடிக்குள் மண் மூன்று விதமாக மாறும். 2017இல் ஏரிகளைத் தூர்வாரும் குடிமராமத்துத் திட்டம் மறுபடி எடுக்கப்பட்ட பிறகு, தமிழகத்து ஏரிகளிலிருந்து வண்டல் டிராக்டர் டிராக்டராக வயல்களுக்குப் போயிருக்கிறது. ஆகவே இந்தப் பக்கத்து வயலொன்றில் இன்று அகப்படும் காசு அந்த வயலில் விழுந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏரியின் நடுவில் விழுந்து, வண்டலோடு வண்டி ஏறி வந்திருக்கலாம்.

இந்த மண்ணில் என்னென்ன காசுகள் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால் கருவியின் திரையே ஒரு வரலாற்றுப் புத்தகமாகிவிடுகிறது. கருவி செய்யும் வேலை எளிது. காயிலில் ஒரு கம்பிச்சுருள் நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அடியில் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அது தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். இன்னொரு சுருள் அதை வாங்குகிறது. அனுப்பியதற்கும் வாங்கியதற்கும் இடையே எவ்வளவு தாமதம் என்று அளந்து, அதை ஓர் எண்ணாகத் திரையில் காட்டுகிறது. மின்சாரத்தை நன்கு கடத்தும் கனத்த உலோகம் எண் வரிசையின் உச்சியில் நிற்கும். மெல்லியதும் சிறியதும் குறைவாகக் கடத்துவதும் கீழே இறங்கும். இரும்பு அடிமட்டத்தில்.

விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அது உச்சியில் நின்று மணி அடித்தாற்போல் ஒலிக்கும். நிற்கும் மனிதரும் அமர்ந்த மனிதருமாக ராஜராஜன் பெயர் பொறித்த சோழர் செப்புக்காசு தமிழகம் முழுக்கக் கிடைப்பது. அதுவும் மேல் வரிசைதான், மண் அரித்துப் பச்சை பூத்திருந்தால் சற்று இறங்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓட்டைக் காலணா வெண்கலம். நடுவில் துளை இருந்தாலும் வளையம் முழுதாக இருப்பதால் மின்னோட்டம் சுற்றிவரத் தடையில்லை. அறுபதுகளிலிருந்து வந்த அலுமினியப் பைசாக்கள், சதுர ஐந்து காசும் விளிம்பு வளைந்த பத்துக் காசும், நடுவரிசையில் குந்தும். 1990களின் கனத்த ஐந்து ரூபாய் செம்பு-நிக்கல். எடைக்கு ஏற்ற எண் அதற்குக் கிடைக்காது, ஏனென்றால் அந்தக் கலப்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்துவதில்லை. கடைசியில் நம் இன்றைய ஒரு ரூபாய், ஆணிகளோடு ஆணியாக.

எல்லாவற்றிலும் வியப்பு பொன் பணத்தைப் பற்றியது. விஜயநகரத்துக்குப் பிறகும் கும்பினிக் காலம் வரையிலும் தமிழ்நாட்டில் புழங்கிய பணம் என்ற தங்கக்காசு அரை கிராம்கூட இராது. சுண்டு விரல் நகத்தைவிடச் சிறிது. கோயிலுக்கும் கொடுத்தார்கள், கூலியும் கொடுத்தார்கள். கருவியின் எண் வரிசையில் அது மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். உலகின் மதிப்புமிக்க உலோகம், குப்பையிலிருந்து பிரிக்க முடியாத இடத்தில்.

நகையும் அப்படித்தான். சுத்தத் தங்கம் நன்றாக மின்சாரம் கடத்தும். ஆனால் 22 காரட் ஆக்குவதற்குச் செம்பும் வெள்ளியும் சேர்த்தவுடன் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒரு தோட்டுக்கும், அதன் திருகாணிக்கும், மூக்குத்திக்கும் கருவி தரும் எண் எதுவோ, ஏறக்குறைய அதுவே பாக்குப் பொட்டலத்தின் தாளுக்கும், கசங்கிய சிகரெட் ஈயத்தாளுக்கும். குப்பை அலறுகிறதே என்று அந்த எண்களை மட்டும் அடைத்துவிடும் வசதி உண்டு, நாட்ச் என்பார்கள். அதை வைத்தால் வேலை சுகமாக நடக்கும். தோடும் அதோடு போய்விடும். நகை தேடுகிறவருக்கு வேறு வழி கிடையாது, குப்பையின் குரல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

சங்கிலி இன்னும் கடினம். இருபது கிராம் சங்கிலியை இருபது கிராம் உலோகமாகக் கருவி பார்ப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைத் தொடும் இடம் ஊசி முனை அளவுதான். அங்கே மின்னோட்டம் தாண்டிப் போவதில்லை. எனவே கண்ணி ஒன்றின் அளவுக்கான மெல்லிய முனகல்தான் வெளியே வரும். கொக்கியோ டாலரோ கிடைத்தால்தான் சங்கிலி கிடைக்கும். கொலுசிலும் இதே பாடு, ஆனால் வெள்ளி ஆனதாலும் மணிகள் இருப்பதாலும் கொஞ்சம் தேவலை. மெட்டி முழு வளையம் என்றால் தெளிவாகப் பேசும். வாய் திறந்த மெட்டியில் மின்னோட்டம் சுற்றி வர முடியாது, குரல் இறங்கிவிடும்.

இதற்கு அதிர்வெண் என்ற திருகு உதவும். ஐந்து முதல் ஏழெட்டு கிலோஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வெண் வெள்ளி ரூபாய்க்கும் செப்புக்காசுக்கும் நல்லது, ஆழமும் கொஞ்சம் கூடும். இருபதை நெருங்கியோ அதைத் தாண்டியோ போனால் மூக்குத்தியும் பணமும் திருகாணியும் எழுந்து பேசும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் கருவிகளில் இந்தத் தேர்வின் பாரம் குறைவு. ஒற்றை அதிர்வெண் கருவி வைத்திருப்பவர் எதைத் தேடப்போகிறோம் என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு வயலில் இறங்க வேண்டும்.

நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் கம்மல் விழுவது நம் ஊர்களில் புதிதல்ல. தேட வந்த இளைஞன், "எங்கம்மா போச்சு கம்மல்?" என்று கேட்பான். "இந்த வரப்பாண்டதான் கண்ணு, காலைல இருந்துது" என்று அந்த அம்மா கை காட்டுவார். அந்தக் கை காட்டல் எந்தத் திருகாலும் தர முடியாத தகவல். எங்கே, எப்போது, எந்தப் பக்கம் குனிந்திருந்தார், முந்தானையை எங்கே உதறினார் என்று விசாரிக்கத் தெரிந்தவனிடம் மலிவுக் கருவி இருந்தாலும் போதும். அப்புறம் சின்ன காயிலை மாட்டி, இரும்பையும் அடைக்காமல், வரப்போரத்தைக் கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒரு வீச்சின் பாதி அடுத்த வீச்சின் மேல் விழும்படி நிதானமாக நகர வேண்டும். ஈரம் காயாத வயலானால் நல்லது. உழுது புரட்டிவிட்டால் திருகாணி எந்த ஆழத்துக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

சென்சிடிவிட்டியை உச்சத்துக்கு ஏற்றுவதுதான் எல்லாரும் செய்யும் காரியம். திருவிழா மைக்செட்டில் சத்தத்தை ஏற்ற ஏற்றப் பாட்டு மறைந்து ஊளை மிஞ்சுவதுதான் அதில் நடக்கும். உயர் அழுத்த மின்கம்பி போகும் இடம், ஓடும் மோட்டார்க் கொட்டகை, பக்கத்தில் இன்னொரு கருவி எதுவானாலும் அதன் இரைச்சல் உள்ளே வந்துவிடுகிறது. காயிலை அசைக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கருவி தானாக உளறாமல் அடங்கும்வரை குறைப்பது நல்ல வழக்கம். ஆழம் இரண்டு விரல் குறையலாம். கேட்கும் சத்தத்தை நம்பலாம்.

மண்ணும் பேசும். ஆற்று மணலில் காந்தத்தை இழுத்துப் பாருங்கள், கரிய தூள் மீசையாக ஒட்டிக்கொண்டு வரும். செம்மண்ணிலும் சரளையிலும் இந்த இரும்புத் தாது கலந்திருக்கிறது. கிரவுண்ட் பேலன்ஸ் என்பது இந்த மண்ணின் குரலை அளந்து கழிப்பதற்கான திருகு. உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கித் தூக்கி இறக்கி, சத்தம் ஏறவும் இறங்கவும் இல்லாத நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். தென்னேரியைப் போன்ற இடத்தில் காலையில் ஒருமுறை செய்துவிட்டு மாலைவரை அதே அளவில் தேடுவது வீண். களியிலிருந்து சரளைக்கு ஏறினால் மறுபடி, ஈரத்திலிருந்து காய்ந்த பகுதிக்கு வந்தால் மறுபடி. எல்லாவற்றுக்கும் முன்னால், ஓர் ஒரு ரூபாய் நாணயம், ஓர் அலுமினியப் பத்துக் காசு, ஒரு செப்புக்காசு, ஒரு மெட்டி ஆகியவற்றைத் தன் தோட்டத்து மண்ணில் அளந்த ஆழத்தில் புதைத்து, அவற்றின் குரலைப் பழகிக்கொள்கிறவர்தான் கருவியை உண்மையில் வாங்கியவர்.

இனி இரும்புக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதுதான்.

டிஸ்கிரிமினேஷன் என்ற திருகை ஏற்றினால் இரும்பு ஊமையாகிவிடும். ஆனால் ஊமையானது மண்ணில் இல்லாமல் போவதில்லை. ஒரு துருப்பிடித்த ஆணிக்குப் பக்கத்தில் பொற்காசு கிடந்தால், ஆணியின் குரலை அடைக்கும்போது காசின் குரலும் அதில் அமுங்கிப்போகிறது. மாட்டு லாடம், ஏர்க் கொழு, வண்டிச் சக்கரப் பட்டையின் துண்டு, மதகின் போல்ட் என்று ஏரியும் வயலும் இரும்பால் நிறைந்தவை. வயலில் காசு விழுந்த இடங்களும் மனிதர் இரும்புக் கருவிகளோடு நடமாடிய இடங்கள்தாம். இரும்பும் காசும் ஒரே இடத்தில் கிடப்பது தற்செயல் இல்லை.

இந்தக் கருவியின் முதல் பெரிய சோதனையே இதில்தான் தோற்றது. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். முதுகில் பாய்ந்த குண்டு எங்கே நிற்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், மின்தூண்டல் சமநிலைக் கருவி ஒன்றைச் செய்து படுக்கையறைக்கு எடுத்துவந்தார். உடம்பின் மேல் எங்கே வைத்தாலும் முணுமுணுப்பு. படுக்கையில் எஃகு ஸ்பிரிங்குகள் இருந்தன என்பது பிறகே தெரிந்தது. இன்னொன்றும் இருந்தது: தலைமை மருத்துவர் குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பினார், அந்தப் பக்கம் மட்டுமே தேட விட்டார். குண்டு இடப்பக்கம் இருந்தது. அதிபர் செப்டம்பரில் இறந்தார். இரும்பின் இரைச்சலும் முன்கூட்டியே எடுத்த முடிவும் சேர்ந்து ஒரு நல்ல கருவியைக் குருடாக்கிய கதை இது.

நம் மாவட்டத்துக்கு இந்த இரும்பு வேறொன்றையும் சொல்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி கல்வட்டங்களுக்கும் ஈமக்காட்டுக்கும் பேர்போனது. அங்குள்ள சானூரில் 1950களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்த பெருங்கற்காலச் சவக்குழிகளில் இறந்தவரோடு இரும்புக் கருவிகளை வைத்திருந்தார்கள். அந்த மனிதர்கள் காசு வைத்திருக்கவில்லை. தங்கள் அருமையான பொருளாக வாளையும் ஈட்டியையும் கத்தியையும் வைத்தார்கள். காசு நகை முறையில் திருகிய கருவி அவர்களின் மேல் ஒரு சத்தமும் இன்றி நடந்து போய்விடும். தமிழகத்தின் தொன்மை பற்றி இன்று நடக்கிற பெரிய வாதங்கள் இரும்பின் காலத்தைப் பற்றியவை. அந்த வாதங்களில் ஆதிச்சநல்லூரும் சிவகளையும் பேசப்படுவது இரும்புக்காக. பொன்னைத் தேடுகிற காது நம் வரலாற்றின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் செவிடாக இருக்கிறது.

பொன்னும் கிடைக்காமல் இல்லை. இதே மாவட்டத்தில் ஒரகடத்துக்குப் பக்கத்திலுள்ள வடக்குப்பட்டில் 2022இல் தொல்லியல் துறை தோண்டியபோது, பழைய கற்கருவிகளும் கூரை ஓடுகளும் ரோமானிய ஜாடி உடைசல்களும் கண்ணாடி மணிகளும் வெளிவந்தன. சிறிய பொன் அணித் துண்டுகளும் இருந்தன. அந்தத் துண்டுகள் வெறும் பொன்னாக வந்திருந்தால் தட்டார் கடையில் மில்லிகிராம் கணக்கு. எந்த ஓட்டுக்கு அடியில், எந்தப் பானைக்குப் பக்கத்தில், எந்த மண்ணடுக்கில் என்று தெரிந்ததால்தான் அவை சங்க காலத்து வீடொன்றின் பேச்சாகின்றன.

கரூரின் அமராவதி ஆற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. சேரர் காசுகள், பாண்டியர் காசுகள், ரோமக் காசுகள், எழுத்துப் பொறித்த மோதிரங்கள் என்று அந்த ஆற்றுமணல் கொடுத்தது அளவற்றது. மாக்கோதை, கொல்லிப்புறை என்று மன்னர் பெயர் தாங்கிய காசுகள் அங்கிருந்துதான் வெளிச்சத்துக்கு வந்தன. மணல் அரித்துக் காசெடுத்தவர்கள், அவற்றை வாங்கிய வியாபாரிகள், சேகரித்துப் படித்து வெளியிட்ட இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் இல்லையென்றால் சங்ககால மன்னர்கள் காசே அடிக்கவில்லை என்றுதான் இன்றும் எழுதிக்கொண்டிருப்போம். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் அந்தக் காசுகளின் காலத்தை, எழுத்தின் வடிவத்தையும் மன்னன் முகத்தின் ரோமானியச் சாயலையும் வைத்துத்தான் வாதிட வேண்டியிருக்கிறது. எந்தக் காசு எந்தக் காசோடு கிடந்தது, எதற்கு மேல், எதற்குக் கீழ் என்று சொல்ல மணலில் அடுக்கே மிஞ்சவில்லை.

சேர்ந்தே இருந்தால் என்ன தெரியும் என்பதற்குப் புதுக்கோட்டைப் புதையல் சான்று. 1898இல் கறுக்காக்குறிச்சியில் ஒரு பானையில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்கள். பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ஒரு காசில் வெட்டு இருந்தால் அது யாரோ செய்த சேதம். நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி வெட்டு என்றால் அது ஒரு முடிவு. இனி இது ரோமின் நாணயம் இல்லை, எடைக்குப் போகும் பொன் என்று இங்கே யாரோ எடுத்த பொருளாதார முடிவாக அதை அறிஞர்கள் வாசித்தார்கள். காசுகள் பத்துப் பத்தாகச் சந்தைக்குப் பிரிந்து போயிருந்தால் அந்த வாசிப்புக்கு இடமே இருந்திராது.

இங்கிலாந்தில் 1992 நவம்பரில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்தமானது. விவசாயி ஒருவர் தன் வயலில் சுத்தியலைத் தொலைத்தார். தேடித்தர வந்தவர் எரிக் லாஸ். சுத்தியலைத் தேடுகிறவர் இரும்பை ஊமையாக்க முடியாது. அவர் காதில் விழுந்தது சுத்தியல் அல்ல, ரோமானியரின் பெரும் புதையல், பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள். கொஞ்சம் எடுத்துப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்தி அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாள் வந்த தொல்லியலாளர்கள், பெட்டி உளுத்துப்போயிருந்தும் எந்தப் பொருள் எந்த அறையில் அடுக்கப்பட்டிருந்தது என்பதை மண்ணிலிருந்தே படித்தார்கள். அந்தச் சுத்தியலும் பிறகு கிடைத்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் புதையலோடு இருக்கிறது.

நம் நாட்டில் பெரும் புதையல்கள் டிடெக்டரால் கிடைப்பதில்லை. கையில் தூக்கும் கருவி ஒரு காசை முக்கால் அடி, மிஞ்சினால் ஓரடி ஆழத்தில் கேட்கும். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் 505 பொற்காசுகளோடு பாத்திரம் கிடைத்தது பல அடி ஆழத்தில், மண்வெட்டியால். 2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் ஐம்பொன் சிலைகளும் நானூறுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிவந்தது குடமுழுக்கு யாகசாலைக்காக மண் எடுத்தபோது. அகப்படுவது தேடாதவர் கையில்தான். ஆகவே முதல் அரை மணி நேரத்தில் அந்தக் கை என்ன செய்கிறது என்பதில் எல்லாம் இருக்கிறது.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரியவர் இல்லையென்று தீர்ந்து, வேறு உடன்பாடும் இல்லையென்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. பலருக்கு இந்தப் பங்குக் கணக்கு தெரிவதேயில்லை. தெரிந்தால் மறைப்பது குறையும். அந்த அறிவிப்பில் என்ன எழுத வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது: பொருள் என்ன, எவ்வளவு, எந்த இடத்தில் கிடைத்தது, எந்த நாளில். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய ஒரு வரிவசூல் அரசே இடத்தைக் கேட்டிருக்கிறது. ஏரியின் உள்வாய் நீர்நிலைப் புறம்போக்கு, கோயில் வளாகமும் தொல்லியல் சின்னமும் பாதுகாக்கப்பட்டவை. அங்கெல்லாம் அனுமதியின்றித் தோண்டுவதற்கே இடமில்லை. தொலைந்த கம்மலைத் தேடித்தர வந்தவர் அதைத் தேடட்டும். வேறேதாவது பேசினால், மேல்மண்ணைக்கூடக் கிளறாமல் அடையாளம் வைத்து, ஃபோட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிட வேண்டும்.

தென்னேரி இருக்கும் அதே மாவட்டத்தில்தான் உத்திரமேரூரும் இருக்கிறது. பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டால் உலகறிந்த ஊர். சீட்டெழுதித் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் உண்டு, பொன் வாரியமும் உண்டு. ஊர்ப் பொன்னைப் பார்க்கவும் ஊர் ஏரியைப் பார்க்கவும் ஊராரே ஆள் வைத்த இடம். அங்கே 2020 டிசம்பரில் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில், கருவறைக்கு முன்னிருந்த படிக்கல்லைப் பெயர்த்தபோது அடியில் பொன் கிடைத்தது, அரைக் கிலோவுக்கு மேல். வருவாய்த் துறையினர் கேட்டு வந்தபோது ஊர் மக்கள் தர மறுத்தார்கள். குடமுழுக்கின்போது அதே இடத்தில் வைக்க வேண்டிய பொன் என்றார்கள். பேச்சுக்குப் பிறகு அது அரசுக் கருவூலத்துக்குப் போனது.

அப்போது செய்திகளில் இது பேராசையாகவும் அறியாமையாகவும் பேசப்பட்டது. நான் அப்படிப் பார்க்கவில்லை. கோயில் கட்டும்போது கல்லுக்கு அடியில் பொன்னும் மணியும் தானியமும் வைப்பது ஆகம வழக்கம். அது தொலைந்த பொருளும் இல்லை, ஒளித்த பொருளும் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருந்த பொருள். எடையை விட இடம் பெரிது என்பது அந்த ஊர் மக்களுக்குத் தெரிந்திருந்தது. சட்டமும் கருவூலமும் எடையைப் பதிந்துகொண்டன. ஊர் கேட்டது இடத்தை. திருப்பணிக் குழுவில் ஒருவர், பொன்னை வெளியே எடுப்பதற்கு முன்னால், எந்தப் படி, கல்லின் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், எதில் சுற்றியிருந்தது, கூட நெல்மணியோ துருப்பிடித்த இரும்போ இருந்ததா என்று ஒரு பக்கம் எழுதி, இரண்டு படம் எடுத்து, அதையும் பொன்னோடு சேர்த்துக் கொடுத்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் அதற்கும் ஒரு ரசீது தர வேண்டும். திருப்பணி தொடங்கும் ஒவ்வொரு கோயிலிலும் முதல் கல்லைப் பெயர்ப்பதற்கு முன்பே அந்த ஒருவர் யாரென்று முடிவாகியிருக்க வேண்டும். உத்திரமேரூர்ச் சபை செய்ததைப் போலச் சீட்டெழுதிப் போட்டுக்கூட அவரைத் தேர்ந்தெடுக்கலாம்.